லால்பாக்கில் ஒரு ஃபைனல் செட்டில்மென்ட்

பெங்களூரு லால்பாக் தோட்டத்துக்குப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 சமயத்து மலர்க் கண்காட்சிக்குப் போய், முன்னால் நிற்பவரின் பின்னந்தலையைக் கண்டுகளித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் முதல் வகை. டாக்டர் 'சுகர் இருக்கு' என்று சொன்ன மறுநாளே கேன்வாஸ் ஷூ வாங்கி, காலை ஆறு மணிக்கு வேகுவேகென்று நடக்கிறவர்கள் இரண்டாவது வகை. இது தவிர, மரத்தடியில் குப்புறப் படுத்துக்கொண்டு அழுகின இலையைப் படம் பிடிக்கிற ஆசாமிகளும் சிலர் இருக்கிறார்கள். அடியேன் அந்தக் கட்சி.

தோட்டம் 240 ஏக்கர். 1760-ல் ஹைதர் அலி ஆரம்பித்து, மகன் திப்பு வளர்த்தது. 1889-ல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகை, கெம்பேகவுடா கோபுரம், அது நிற்கிற 300 கோடி வருஷத்துப் பாறை... இதையெல்லாம் கைடு சொல்வார். ஜனவரி கண்காட்சி முடிந்து, கூட்டம் கலைந்து, பிப்ரவரியில் மரங்கள் இலை உதிர்க்குமே, அப்போது போய்ப் பாருங்கள். நுழைவுச்சீட்டு வாங்கினவர்கள் யாரும் திரும்பிப் பார்க்காத இரண்டாவது கண்காட்சி தரையில் நடந்துகொண்டிருக்கும்.

இந்தத் தடவை என்னோடு வந்தவன் கல்லூரி நண்பன். என்னைப் போலவே பி.காம். பெங்களூரில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் கணக்கு எழுதினான். போன மாதம், 'உங்கள் சேவைக்கு நன்றி' என்று இரண்டு பாரா லெட்டர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தவனைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு வந்தேன்.

நான் படுத்த கோலத்தைப் பார்த்துவிட்டு, "உதிர்ந்த இலையா தேடறே? எங்க ஆபீஸ் வாசல்ல வந்து பாரு, நானூறு பேர் நின்னோம்" என்றான். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் க்ளிக் செய்தேன்.

செல்போன் திரையில் தெரிந்தது பலா இலை. சும்மா பார்த்தால் மஞ்சள் இலை, அவ்வளவுதான். நாலு அங்குலத்தில் பார்த்தால் அது ஒரு ஊர். நடுவில் தேசிய நெடுஞ்சாலை மாதிரி ஒரு நரம்பு, அதிலிருந்து கிளைச் சாலை, சந்து, முட்டுச்சந்து. ஓரத்தில் பூஞ்சை போட்ட புள்ளி, வட்டத்துக்குள் வட்டமாக அம்மா போட்ட கோலம் போல. ஏதோ புழு தின்றுகொண்டே போன பாதை, வளைந்து வளைந்து, போகப் போக அகலமாகிறது. சாப்பிடச் சாப்பிடப் புழு பெருத்துவிட்டதாம்!

"இது ஏன்டா மஞ்சளாகுது?" என்று கேட்டான். கணக்கு தெரிந்தவனுக்குக் கணக்கிலேயே சொன்னேன்.

இலை தானாக விழுவதில்லை. மரம்தான் கணக்கை முடிக்கிறது. இலையில் போட்ட முதலில், அதாவது நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகளில், ஏறக்குறைய பாதியை முதலில் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சையம் கலைகிறது. மஞ்சள் புதிதாக வருவதில்லை. முதல் நாளிலிருந்தே அடியில் இருந்ததுதான், பச்சை மறைத்துக்கொண்டிருந்தது. வாதாங்கொட்டை மரத்து இலையின் சிவப்பு அப்படியில்லை. அது கடைசிக் கட்டத்தில் இலை புதிதாகத் தயாரிப்பது. எல்லாம் முடிந்ததும் காம்பின் அடியில் தக்கை மாதிரி ஒரு அடுக்கு வளர்ந்து, கதவு சாத்தப்படுகிறது. ஒரு காற்று போதும்.

"அப்படியே எங்க கம்பெனி! லேப்டாப், ஐ.டி. கார்டு எல்லாம் திரும்ப வாங்கிட்டுத்தான் கதவைத் திறந்தாங்க" என்றான். அன்று அவன் முதல் தடவை சிரித்தது அப்போதுதான்.

பக்கத்திலேயே முழு மஞ்சளாகிவிட்ட இலை ஒன்று. அதில் நாலணா அளவுக்கு ஒரு இடம் மட்டும் பச்சைப் பசேலென்று. 'பச்சைத் தீவு' என்பார்கள். பூஞ்சையோ பூச்சியோ தன் சாப்பாட்டுக்காக அந்த இடத்தை மட்டும் வாட விடாமல் பிடித்து வைத்திருக்கும். நண்பன் தன் போனை எடுத்தான். அவனும் முட்டி போட்டான்.

அரச மரத்தடி ஈரத்தில் கிடைத்தது அன்றைய ஜாக்பாட். மெத்தென்ற சதையைக் கிருமிகளும் பூச்சிகளும் தின்று முடித்து, நரம்பு மட்டும் மிச்சமான இலை. நரம்பு கெட்டி, சீக்கிரம் மக்காது. சூரியனுக்கு எதிரே பிடித்தால் காஞ்சிபுரத்துக்காரர்களே பொறாமைப்படுகிற ஜரிகை!

"தம்பி, சீக்கிரம் எடுத்துட்டு நகருப்பா, கூட்டணும்" என்று ஒரு குரல். துடைப்பத்தோடு ஒரு அம்மா. திருவண்ணாமலைப் பக்கமாம். "இந்தக் குப்பையைப் போட்டோ எடுத்து என்னா பண்ணுவே?" என்றவர், படத்தைக் காட்டியதும் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "இதுவா அது? தெனம் இதைத்தான் குழியில கொட்றேன். மக்கினா எரு. அந்த எருவுலதான் நீங்க வரிசையில நின்னு பாக்குற பூவெல்லாம் வருது" என்றார். போகும்போது, நரம்பிலை இன்னும் நாலைப் பொறுக்கி நண்பன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜெர்மனியில் கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட் என்று ஒரு வாத்தியார். கேமரா படிப்பு படிக்காதவர். மாணவர்களுக்கு டிசைன் சொல்லித்தருவதற்காக, வீட்டில் செய்த கேமராவில் செடி கொடிகளைப் பல மடங்கு பெரிதாக்கிப் படம் எடுத்துக்கொண்டே இருந்தார், முப்பது வருஷத்துக்கும் மேல். 1928-ல் அது புத்தகமாக வந்து உலகமே பேசியபோது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. இதை நண்பனிடம் சொன்னேன். "எனக்கு முப்பத்தாறுதான்" என்றான்.

அன்று அவன் எடுத்தது நூற்று நாற்பது படம். இரண்டரை மணி நேரம் வேலை தேடும் ஆப் எதையும் திறக்கவில்லை. போன் முகப்பில் அதுவரை கம்பெனி சின்னம்தான் இருந்தது. மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடக்கும்போது பார்த்தேன், பச்சைத் தீவு வந்திருந்தது.

ஆசையாக இருக்கிறதா? பெங்களூருக்கு டிக்கெட் போட வேண்டாம். உங்கள் தெருவிலேயே ஒரு வாதாங்கொட்டை மரம் இருக்கும். போனில் 'மேக்ரோ' இல்லாவிட்டால் சில நூறு ரூபாய்க்கு மாட்டுகிற லென்ஸ் கிடைக்கும். காலை வெயில் சாய்ந்து விழும்போது எடுங்கள். வெயில் இலைக்குப் பின்னாலிருந்து வரட்டும். நிழல் பக்கத்தில் கைக்குட்டையை விரித்துப் பிடித்தால் அதுதான் ரிஃப்ளெக்டர். க்ளிக்கும்போது மூச்சை அடக்குங்கள். முக்கியமாக, குப்புறப் படுப்பதற்கு முன் சிவப்பெறும்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஃபோகஸ் சரியாகிற நேரம் பார்த்துத்தான் அது கடிக்கும்!

மற்றபடி அவசரம் ஒன்றுதான்: கூட்டுகிறவர் வருவதற்குள் எழுந்து போங்கள்.