அலகிட்டால் தெரிந்துவிடும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

மாலை நடையில் எங்கள் ஓய்வூதியர் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் இப்போ பூட்டுப் போட்டுத்தானே வருது? வீட்டுக்குள்ள நாம என்ன பாக்கிறோம்னு யாருக்கு சார் தெரியப்போகுது?" பெங்களூரில் நெட்வொர்க் வேலையில் இருக்கும் என் பழைய மாணவன் சாரலுக்காகக் குற்றாலம் வந்தபோது அவனிடம் இதைக் கேட்டேன். "பூட்டு நிஜம்தான் சார். ஆனா அது அளவை மறைக்காது" என்றான்.

அவன் விளக்கியதை நான் என் வழியில் இப்படிப் புரிந்துகொண்டேன். நான் டிப்ளமோ முடித்த இடைநிலை ஆசிரியன்தான். ஆனாலும் அலகிடுதல் மறந்துபோகவில்லை. ஒரு குறளின் எழுத்துகளை எல்லாம் அழித்துவிட்டு, தேமா, புளிமா, கூவிளம் என்று ஏழு சீருக்கும் வாய்பாட்டை மட்டும் தருகிறேன். எந்தக் குறள் என்று சொல்ல முடியுமா? மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர் என்ற வெண்டளை விதிக்குள் கணக்குப் போட்டால் 16,384 விதமாக வாய்பாடு அமையலாம். குறளோ 1330தான். சில குறள்களுக்கு ஒரே வாய்பாடு வரும். ஆனாலும் ஒவ்வொன்றையும் முன்கூட்டியே அலகிட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பவர், ஒரு சொல்கூடப் பார்க்காமல் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருக்கிவிடுவார். அடுத்த குறளின் வாய்பாடும் கிடைத்துவிட்டால் பெரும்பாலும் பிடித்தே விடுவார்.

வீடியோவும் அப்படித்தான். முழுப்படம் ஒரே மூச்சில் வருவதில்லை. சில விநாடித் துண்டுகளாக வெட்டப்பட்டு வருகிறது. இருவர் உட்கார்ந்து பேசும் காட்சிக்குச் சின்னத் துண்டு, சண்டைக் காட்சிக்குப் பெரிய துண்டு. பூட்டு உள்ளே இருப்பதை மறைக்கும். துண்டின் பருமனையும் அது வரும் நேரத்தையும் மறைக்காது. குறளுக்கு ஏழு சீர். இரண்டு மணி நேரப் படத்துக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள். அந்த வரிசை ஒரு கைரேகை.

நம்மூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. தென்காசியில் சிற்றாற்றுத் தண்ணீரின் வேகத்தையும் நிறத்தையும் பார்த்தே மலையில் மழை என்று சொல்லிவிடுவோம். பேரருவி வரை போக வேண்டியதில்லை.

2017இல் அமெரிக்க ராணுவக் கல்லூரியான வெஸ்ட் பாயிண்டைச் சேர்ந்த ஆண்ட்ரூ ரீட், மைக்கேல் கிராஞ்ச் இருவரும் இதைச் செய்தே காட்டினார்கள். 42,027 நெட்ஃபிளிக்ஸ் வீடியோக்களின் கைரேகையைச் சேர்த்து வைத்தார்கள். பிறகு 20 நிமிட ஓட்டங்கள் 200ஐச் சோதித்தார்கள். 99.5 சதவீதத்தை அடையாளம் கண்டார்கள். பெரும்பாலானவை இரண்டரை நிமிடத்துக்குள்ளேயே! பூட்டை யாரும் உடைக்கவில்லை. அதே ஆண்டு ஷூஸ்டர், ஷ்மாட்டிகோவ், ட்ரோமர் என்ற மூவர் இன்னொரு படி போனார்கள். இணைப்புக் கம்பியைத் தொடக்கூட வேண்டாம். அதே வீட்டில் இன்னொரு கணினியில் திறந்திருக்கும் ஒரு வலைப்பக்கமே, வேகம் கூடிக் குறைவதை அளந்து கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள்.

"பாத்தா பாத்துட்டுப் போகட்டும், நாம என்ன திருட்டா பண்றோம்?" என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் என் துணைவியாருக்கு மார்பில் ஒரு கட்டி. பயாப்சி முடிவு வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து இரவும் அவர் தூங்கிய பிறகு ஹெட்செட் மாட்டிக்கொண்டு டாக்டர்களின் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குத் தெரியாது. அவருக்கே தெரியாது. கடவுள் புண்ணியம், சாதாரணக் கட்டி. ஆனால் அந்தப் பத்து நாளில் நான் பார்த்ததை எவரோ பட்டியல் போட்டிருந்தால், என் மனைவியின் பயம் ஒரு இன்சூரன்ஸ்காரருக்கு வியாபாரத் தகவல் ஆகியிருக்கும். (அவர் சம்மதம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.) அடிக்கும் கணவனிடமிருந்து தப்ப வழி தேடும் பெண், வேறு சமயத்தின் சொற்பொழிவைக் கேட்கும் பையன், இவர்கள் யாரும் திருடர்கள் இல்லை.

நம்மூர் இணைப்புக்காரர் இதைச் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. எல்லா வீடியோவையும் பிடித்துவிட முடியும் என்பதும் இல்லை. நோட்டில் எழுதி வைத்ததைத்தான் ஒப்பிட முடியும். வீட்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் தாளம் குழம்பும். வி.பி.என். போட்டால் எங்கிருந்து வருகிறது என்பது மறையும். ஏற்ற இறக்கம் முழுக்க மறையாது. அதோடு, வி.பி.என். நிறுவனங்களும் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு உத்தரவிட்டது. சரியான மருந்து, துண்டுகளை எல்லாம் ஒரே பருமனாக்கி அனுப்புவதுதான். எல்லாச் சீரும் தேமாவாகிவிட்டால் எவரால் கண்டுபிடிக்க முடியும்? ஆனால் டேட்டா கூடுதலாகச் செலவாகும். அது நிறுவனங்கள் செய்ய வேண்டிய வேலை.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். வழக்குத் தொடுத்தபோது புட்டசாமியும் நம்மைப் போல ஓய்வு பெற்றவராகத்தான் இருந்தார். கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். தொலைபேசி ஒட்டுக்கேட்பதற்கு 1996லேயே அதே நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. இனி ஒட்டுக்கேட்கக் காதே தேவையில்லை, தராசு போதும் என்று ஆகிவிட்டது. சட்டம் எழுதுகிறவர்கள் "உள்ளடக்கத்தைப் பார்க்கவில்லை" என்ற பதிலோடு திருப்தியாகிவிடக் கூடாது. எடை போட்டதையும் கணக்குக் கேட்க வேண்டும்.

இந்தத் துறையில் இருக்கும் என் மாணவச் செல்வங்கள் பிழை இருந்தால் கமெண்டில் திருத்துங்கள். சாரல் நன்றாக இருக்கிறது, வாருங்கள்.