சாப்பாட்டைக் கட்டிலுக்குக் கொண்டுபோகாதீர்கள்

மாவுக்கட்டுப் பிரித்த அன்று காலைப் பார்த்திருக்கிறீர்களா? தோல் செதில் செதிலாக உரிய, ஆடுசதை வற்றி, யாருடைய காலையோ ஒட்டவைத்தது போல இருக்கும். சூம்பிப் போச்சு என்போம். எலும்பு கூடிவிடும், சதை திரும்புவதுதான் பெரும்பாடு. வயதானவர்களுக்குக் கட்டுகூட வேண்டாம், படுக்கையே போதும். நல்ல ஆரோக்கியத்தோடிருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கவைத்துச் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2007-ல் வெளிவந்தது. கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை போயிருந்தது.

இதற்கொரு மாத்திரை கிடையாதா என்று என் வயதுக்காரர்கள் கேட்கிறார்கள். தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சதை அளவுக்கு மீறி வளராமல் பிடித்துவைப்பது மையோஸ்டாட்டின் என்ற புரதம். 1997-ல் விஞ்ஞானிகள் செ-ஜின் லீயும் அலெக்சாண்ட்ரா மெக்ஃபெரானும் அது இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள்; அவற்றுக்குச் சதை இரண்டு மடங்கு. 2019 டிசம்பரில் லீயின் குழு 40 சுண்டெலிகளைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே அனுப்பியது. எடையற்ற அந்த இடத்தில் கால்களுக்கு வேலை இல்லை. சாதாரணச் சுண்டெலிகளுக்குச் சதை 18 சதவீதம் வரை குறைந்தது. மையோஸ்டாட்டினைத் தடுக்கும் மருந்து போட்டவையோ சதை பிடித்துத் திரும்பின.

படித்தபோது எனக்கும் ஆசை வந்தது. ஆனால் மனிதர்கள் விஷயம் வேறு. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களுக்கு, ஏறக்குறைய இதே வழியில் வேலை செய்யும் பிமாக்ருமாப் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சதை கூடியது, நடை தேறவில்லை. நடப்பதற்கு நரம்பும் வேண்டும், நிதானமும் வேண்டும், விழுந்துவிடுவோமோ என்ற பயமும் போகவேண்டும். அதெல்லாம் ஊசியில் வராது. ஸ்டீராய்டு சதையை ஏற்றும், உண்மைதான். கூடவே ஈரலையும் இதயத்தையும் பதம் பார்க்கும். ஜிம் பையன்கள் சொல்வதைக் கேட்டு யாரும் அதில் கைவைக்க வேண்டாம். படுக்கையில் கிடந்து சதை கரைவதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் வரவில்லை. விண்வெளி வீரர்கள்கூட அங்கே தினம் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்துதான் காலம் தள்ளுகிறார்கள்.

நம் வீடுகளில் பாசம்தான் முதல் எதிரி. "அசையாதீங்கம்மா, படுங்க" என்று தட்டைக் கட்டிலுக்கே கொண்டுபோகிறோம். எழுந்து உட்காரச் சொல்லும் நர்ஸிடம் சண்டைக்கும் நிற்கிறோம்.

ஆபரேஷன் முடிந்து வரும் அம்மாவை, டாக்டர் சம்மதித்த அன்றே நாற்காலியில் உட்காரவையுங்கள். முட்டையோ பருப்போ சுண்டலோ வேளைக்கு ஒன்று தட்டில் இருக்கட்டும். வாக்கரைப் பிடித்தபடி, சாப்பாட்டு மேசைக்கு அவரே வரட்டும். எத்தனை நேரமானாலும் காத்திருங்கள்.