கதை எழுதிக் கொடுத்தவன்

சென்ற நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் அஸர் தொழுதுவிட்டு வந்து முன் விறாந்தையில் இருந்தேன். படலையைத் திறந்துகொண்டு என் பழைய மாணவி ஒருத்தி வந்தாள். இப்போது கல்வியியற் கல்லூரியில் படிக்கிறாள். ஒரு கையில் பெருநாள் பலகாரத் தட்டு, மறு கையில் கைபேசி. தட்டை என் மனைவியிடம் கொடுத்தாள். கைபேசியை என்னிடம் நீட்டினாள்.

“சேர், இத அழிக்க ஏலுமா?”

திரையில் அவளது வாப்பாவின் படம். ஆஸ்பத்திரிக் கட்டில், கழுத்தில் செருகிய குழாய், பக்கத்தில் பாடசாலைச் சீருடையுடன் அவள். படத்தின் கீழே ஆங்கிலத்தில் ஒரு கதை. ஆங்கிலம் என்னுடையதல்ல. கதை என்னுடையது.

“ஹொஸ்டல்ல பிள்ளையள் இத எடுத்துக் காட்டிக் கேக்கிறாளுகள். நான் எப்ப சேர் ஸ்கூல விட்ட?”

இருபது வருடங்களாகப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டு வந்தவன் நான். அன்றைக்கு எனக்கு வாய் அடைத்துப் போயிற்று.

2022ஆம் ஆண்டை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. வருடத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு. அந்த வருடத்தில்தான் கரைவலை இழுத்துப் பிழைத்த அவளது வாப்பாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. அவரின் தம்பி தன்னுடைய ஒன்றைத் தர முன்வந்தார். கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சத்திரசிகிச்சைக்கும் அதன் பின்னான மருந்துகளுக்குமாக நாற்பது இலட்சம் ரூபா சொன்னார்கள்.

எங்கள் ஊரில் இப்படியான தேவைகளுக்கு ஒரு வழமை இருந்தது. ஜும்ஆ முடிந்ததும் குடி மரைக்கார் எழுந்து, “ஒரு நோயாளிக்கு” என்று மட்டும் சொல்வார். பெயர் சொல்லமாட்டார். பள்ளிவாசலில் ஒரு சால்வை விரிக்கப்படும். விழுந்த காசை அவரே எண்ணி, இஷாவுக்குப் பின் தெரு அடங்கிய பிறகு கொண்டுபோய்க் கொடுப்பார். பெண்கள் சோறாக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அது யார் வீட்டு உலைக்குப் போகிறதென்று அவர்கள் கேட்பதில்லை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்ற கருத்தில் நபிமொழி ஒன்று உண்டல்லவா? எங்கள் ஊர் அதற்கு ஒரு படி மேலே போய், வாங்கும் கையையும் மறைத்து வைத்திருந்தது.

மூன்று ஜும்ஆக்களில் சால்வையில் விழுந்தது மூன்று இலட்சத்துச் சொச்சம். ஊரே வரிசையில் நின்ற காலத்தில் அதுவே பெரிது. மீதிக்கு எங்கே போவது?

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் என்னுடன் ஒரே அறையில் இருந்த நண்பன் இப்போது லண்டனில் இருக்கிறான். அவன்தான் இணையத்தில் நிதி திரட்டும் வழியைச் சொன்னான். பிரித்தானியாவில் ஜஸ்ட்கிவிங் என்ற தளம் 2000களின் தொடக்கத்திலிருந்தே இயங்குகிறது. பதிவு செய்யப்பட்ட தருமஸ்தாபனத்துக்கு வரி செலுத்தும் ஒருவர் ஒரு பவுண் கொடுத்தால், அந்நாட்டு அரசு தன் பங்காக 25 பென்ஸ் சேர்க்கிறது. எங்களைப் போன்ற தனி மனிதரின் தேவைக்கு அது கிடையாது. அதற்கு 2010இல் அமெரிக்காவில் தொடங்கிய கோபண்ட்மீ போன்ற தளங்கள் இருக்கின்றன. கடனட்டை வைத்திருக்கும் எவரும், உலகின் எந்த மூலையிலிருந்தும், முன்பின் தெரியாத ஒருவருக்கு இரண்டு நிமிடத்தில் கொடுத்துவிடலாம். ஆனால் கோபண்ட்மீ பணம் எடுக்க அனுமதிக்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இருக்கவில்லை. கொடுப்பது எங்கிருந்தும் ஆகலாம், எடுப்பது அப்படியல்ல. ஆகவே இதைப் போன்ற ஒரு தளத்தில் நண்பன் தன் பெயரில், தன் வங்கிக் கணக்கில், அந்தக் கோரிக்கையைத் திறக்க ஒப்புக்கொண்டான். ஒவ்வொரு கொடையிலும் நூற்றுக்கு மூன்று வீதமளவும் சில பென்ஸும் அட்டைச் செலவாகக் கழியும் என்றான். அது நியாயமாகவே பட்டது.

நிரப்ப வேண்டியவை நான்கு: தலைப்பு, இலக்கு, படம், கதை.

“மச்சான், கதைய நீ எழுது. நீதானே எழுத்தாளன். நான் இங்கிலீசில போட்டுக்குவன்” என்றான்.

நான் எழுதியது ஆறு வரிகள்: நோயின் பெயர், வைத்தியரின் கூற்று, செலவு, கிடைத்த தொகை, மீதி. கீழே பள்ளிவாசல் தலைவரின் உறுதிக் கடிதம். மறுநாள் நண்பன் தொலைபேசியில் வந்தான்.

“இது விண்ணப்பம்டா. பிரதேச செயலகத்துக்குக் குடுக்கிறத்தப் போல இருக்கு. இதப் படிச்சிட்டு ஒருத்தனும் காசு போடமாட்டான். அந்த மனிசன்ட முகம் வேணும். அந்தப் பிள்ளய பக்கத்தில நிப்பாட்டு. யூனிபோமோட.”

நிப்பாட்டினேன். படத்தை எடுத்தது என்னுடைய கைபேசி. வாப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். “கொஞ்சம் இஞ்சால பாருங்க காக்கா” என்று சொன்னதும் நான்தான். பிறகு வீட்டுக்கு வந்து இரவு இரண்டு மணிவரை இருந்து எழுதினேன். சிறுகதைக்கு உழைப்பதைப் போல உழைத்தேன். கடலையும் காலியான வாடியையும் கொண்டுவந்தேன். முடிவில் ஒரு வரி தேவைப்பட்டது. வாப்பாவைப் பார்ப்பதற்காக அந்தப் பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டாள் என்று எழுதினேன். அவள் நிறுத்தியிருக்கவில்லை. அவள் என் வகுப்புப் பிள்ளை. அவளுக்கு வரவு போட்ட கையாலேயே அந்த வரியை எழுதினேன்.

பதினொரு நாட்களில் 9,400 பவுண் சேர்ந்தது. நாற்பது இலட்சத்தைத் தாண்டிற்று. இருநூற்றுச் சொச்சம் பேர் கொடுத்திருந்தார்கள். பலர் பெயர் போடவில்லை. ஐந்து பவுண் போட்ட ஒருவர், தன் மகளுக்கும் இதே வயது என்று எழுதியிருந்தார். சத்திரசிகிச்சை நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், அவர் இன்றைக்கும் இருக்கிறார். வலை இழுப்பதில்லை. பின்னேரங்களில் வாடியில் இருந்து வலை பொத்திக் கொடுக்கிறார். இதை நான் முதலில் சொல்லிவிட வேண்டும். அந்தக் கதை ஓர் உயிரைக் காப்பாற்றிற்று. இந்தத் தளங்களைப் பழித்து எழுத எனக்கு வாயில்லை.

ஆனாலும் அன்று அவள் கேட்டுவிட்டுப் போன பிறகு எனக்கு என் உம்மாவின் நினைவு வந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் வளவையும் எடுத்துக்கொண்டு போனது. இரண்டு வாரத்தின் பின் பாடசாலை முற்றத்தில் பிளாஸ்டிக் வாளி பங்கிட்டார்கள். பின்னால் கொடுத்தவர்களின் பெயர் எழுதிய பதாகை. வாளியைக் கையில் கொடுத்து, படம் எடுத்து, அதன் பின்தான் விட்டார்கள். உம்மா ஒரு கையால் வாளியை வாங்கி, மறு கையால் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். படம் எடுத்தவர் முக்காட்டை விலக்கச் சொன்னார். நான் அப்போது புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியன். வரிசைக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாளியை உம்மா ஒரு நாளும் கிணற்றடிக்குக் கொண்டு போனதில்லை. இந்த நிகழ்ச்சியை வைத்து நான் ஒரு கதைகூட எழுதினேன். பதினெட்டு வருடத்தின் பின், “இஞ்சால பாருங்க காக்கா” என்று சொன்னவனும் நான்தான்.

ஏன் இப்படி ஆகிறது என்று யோசித்துப் பார்த்தேன். மரைக்காருக்குப் படம் தேவைப்படவில்லை. அவருக்கு அந்த மனிதரையும் தெரியும், அந்த மனிதரின் வாப்பாவையும் தெரியும். பேர்மிங்ஹாமில் இருப்பவருக்கு என்ன தெரியும்? தெரியாதவர் நம்புவதற்கு ஒரு முகம் வேண்டியிருக்கிறது. முகம் போதாதபோது கண்ணீர் வேண்டியிருக்கிறது. தளம் சரிபார்ப்பது பெரும்பாலும் பணம் எடுப்பவரின் அடையாளத்தையும் வங்கிக் கணக்கையும்தான். கதையை யார் சரிபார்ப்பது? 2017இல் அமெரிக்காவின் நியூ ஜேர்ஸியில் ஒரு சோடி, தெருவில் வாழ்ந்த ஒருவர் தன் கடைசி இருபது டொலரைப் பெற்றோலுக்குத் தந்து உதவினார் என்று கோபண்ட்மீயில் எழுதினார்கள். ஏறத்தாழ 14,000 பேர் நான்கு இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்தார்கள். அடுத்த வருடம் அந்தக் கதை முழுவதும் கட்டியது என்று தெரியவந்தது. அந்த மூவரும் சேர்ந்து கட்டியிருந்தார்கள். கொடுத்தவர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அந்தச் செய்தியை வாசித்தபோது அவர்களை நான் ஏசினேன். அவர்கள் முழுக்கதையைக் கட்டினார்கள், நான் ஒரு வரியைக் கட்டினேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் கண்டேன். இந்தத் தளங்களில் கொடுப்பவர் தன் பெயரை மறைக்க விரும்பினால் ஒரு கட்டத்தில் அடையாளமிட்டால் போதும். வாங்குபவர் தன்னை மறைத்துக்கொள்ள அப்படி ஒரு கட்டம் இல்லை. அல்பகரா அத்தியாயத்தில் கேளாத ஏழைகளைப் பற்றி வருகிறது. அவர்களின் மானம் அவர்களை வசதியுள்ளோர் போல் காட்டுகிறது. அடையாளத்தைக் கொண்டு அவர்களை அறிந்துகொள்ளும் வேலை மற்றவர்களுடையது. நாங்கள் அந்த வேலையைத் திருப்பிப் போட்டு, உன் அடையாளத்தை நீயே ஊருலகத்துக்குக் காட்டு என்று ஏழையிடம் சொல்கிறோம்.

வேறு விதமாகச் செய்ய முடியாதா? முடியும். முஸ்லிம்களுக்கென்று 2013இல் அமெரிக்காவில் லோன்ச்குட் என்ற தளம் தொடங்கப்பட்டது. 2017இல் சென் லூயிஸ் நகருக்கு அருகே யூத மையவாடி ஒன்றில் நூற்றுக்கு மேற்பட்ட கல்லறைக் கற்கள் தள்ளி வீழ்த்தப்பட்டபோது, அந்நாட்டு முஸ்லிம்கள் அவற்றைச் சீர்செய்ய அத்தளத்தில் 20,000 டொலர் கேட்டார்கள். சில மணி நேரத்தில் அது நிறைந்து, பின்னர் ஓர் இலட்சத்தையும் தாண்டிற்று. அங்கே எந்த மனிதரின் முகமும் தேவைப்படவில்லை. நம் நாட்டிலும் 2011இல் தெவிநுவரையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தே தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்டினார்கள். நடந்தவர்களின் முகங்களைப் பத்திரிகைகளில் கண்டோம். நோயாளியின் முகத்தைக் காட்டிக் கேட்கவில்லை.

இந்தத் தைரியத்தில், வேறொருவரின் தேவைக்காக நண்பனைக் கொண்டு இன்னொரு கோரிக்கை திறந்தேன். படத்துக்குப் பெயர் மறைத்த ஆஸ்பத்திரிப் பற்றுச்சீட்டு. கதைக்குப் பழைய ஆறு வரிகள். கேட்டதில் மூன்றில் ஒன்றுதான் சேர்ந்தது. மீதியை ஊரில் வீடு வீடாகப் போய்ச் சேர்த்தோம். ஐந்து மாதம் எடுத்தது. முகத்தைக் காட்டாததன் விலை ஐந்து மாதம். நோயாளி பொறுத்திருந்தார். எல்லா நோயும் அப்படிப் பொறுக்காது என்பதும் எனக்குத் தெரியும். அப்படியொரு நாள் வந்தால் என்ன செய்வேன்? அந்த மனிதரிடமே கேட்பேன். முதல் தடவை நான் கேட்கவில்லை.

மாணவியின் பக்கத்தை மூடச் சொன்னேன். மூடுமுன் ஒரு திருத்தம் போட வேண்டும் என்றும் சொன்னேன்: பிள்ளை படிப்பை நிறுத்தவில்லை, அந்த வரி எழுதியவரின் பிழை. நண்பன் தயங்கினான்.

“சனம் காசத் திருப்பிக் கேட்டா? என்ட பேர்லதானே இரிக்கி.”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு வாரம் நாங்கள் பேசவில்லை. பின்னர் அவனாகவே திருத்தத்தைப் போட்டான். ஒருவரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. ஒருவரும் பதில் எழுதவுமில்லை. சில நாள் விட்டுப் பக்கம் மூடப்பட்டது. ஆனால் அந்தப் படம் வட்ஸ்அப்பிலும் முகநூலிலும் எத்தனை கைகளுக்குப் போயிற்றோ, அதை என்னால் திருப்பி வாங்க முடியாது.

விடுமுறை முடிந்து அவள் கல்லூரிக்குப் போகுமுன் பாடசாலைக்கு வரச் சொன்னேன். அலுமாரியிலிருந்து 2022இன் வரவு இடாப்பை எடுத்து அவள் முன் விரித்தேன். வாப்பா ஆஸ்பத்திரியில் இருந்த அந்தத் தவணையில், பாடசாலை நடந்த நாட்களில், அவளுடைய பெயருக்கு நேரே நான்கு நாட்கள்தான் வரவில்லை. அவள் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள்.

“இத ஒரு படம் எடுக்கட்டா சேர்?” என்றாள்.

எடுக்கச் சொன்னேன்.