46 மில்லிமீட்டருக்குள்

கோயம்புத்தூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள தம்பி குமாருக்கு,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். டெஸ்க்மினி எக்ஸ்300 பெட்டி, ரைசன் 5 5600ஜி பிராசசர், 16 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி. உன் கணக்கு வேலைக்கு இது தாராளம். கூலர் என்கிற இடத்தில் மட்டும் தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47 என்று எழுதிவிட்டுக் கேள்விக்குறி போட்டிருக்கிறாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய்.

அது வேண்டாம். நல்ல கூலர்தான், நான்கு ஹீட்பைப் இருக்கிறது. ஆனால் பெயரில் இருக்கிற 47தான் அதன் உயரம். அந்தப் பெட்டியைச் செய்கிற அஸ்ராக் கூலருக்குச் சொல்லியிருக்கும் உயர வரம்பு 46 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்தானே, அழுத்தி மூடிவிடலாம் என்று உனக்குத் தோன்றும், எனக்குத் தெரியும். அப்படி மூடினால் பெட்டியின் பக்கத் தகடு விசிறியின் சட்டத்தை அழுத்தும், அந்த அழுத்தம் அப்படியே மதர்போர்டில் இறங்கும். பிராசசரோடு டப்பாவில் வரும் ரெய்த் ஸ்டெல்த் 54 மில்லிமீட்டர், அதுவும் உள்ளே போகாது. எடுத்துப் பரண்மேல் வை.

உயரம் பொருந்துகிறதா என்று பார்ப்பது சுலபம். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது வாட். அட்டையில் 65 வாட் என்று போட்டிருந்தாலும், ஏஎம்4 போர்டில் அந்தப் பிராசசர் முழு மூச்சில் ஓடும்போது 88 வாட் வரை இழுக்கும். இழுக்கிற மின்சாரம் முழுவதும் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். நான் உனக்குச் சொல்லப்போகிற கூலரின் மொத்த உயரம் 37. அதில் விசிறி 14 போக, அலுமினியத் தகடுகளுக்கு மிஞ்சுவது 23 மில்லிமீட்டர். அவ்வளவு சின்ன இடத்திலிருந்து 88 வாட்டை விரட்ட வேண்டுமென்றால் விசிறி கத்தியே தீரும். அப்பா அதே அறையில்தான் படுக்கிறார் என்பதை மறக்காதே.

இன்னொன்று, உங்கள் மாடி அறை. டெஸ்ட் வீடியோ போடுகிறவர்கள் பெரும்பாலும் ஏசி அறையில் உட்கார்ந்து அளக்கிறார்கள். எந்தக் கூலரும் அறைக் காற்றைவிடக் குளிராக எதையும் ஆக்காது. 25 டிகிரி அறையில் 75 காட்டுகிற பிராசசர், மே மாதம் மதுரையில் 38 டிகிரியில் அதே வேலையைச் செய்தால் 88 காட்டும். 5600ஜிக்கு உச்சம் 95. அதைத் தொட்டால் எரிந்துவிடாது, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனாலும் எப்போதும் அந்த விளிம்பிலேயே ஓட்ட வேண்டாம்.

ஆகவே முதல் காரியம், பயாஸில் பிராசசரை 45 வாட்டுக்கு இறக்கிவிடு. இது ஏஎம்டியே அனுமதித்திருக்கிற அளவு. எல்லாக் கோரும் சேர்ந்து நெடுநேரம் ஓடும் வேலையில் வேகம் கொஞ்சம் குறையும். டேலி, எக்செல், பிரௌசர் எல்லாம் ஓரிரு கோரை வைத்தே ஓடுகிறவை. அவற்றில் உனக்கு வித்தியாசமே தெரியாது.

இப்போது கூலர். நோக்டுவா என்எச்-எல்9ஏ-ஏஎம்4 வாங்கு. விசிறி முழு வேகத்தில் 2500 ஆர்பிஎம், 23.6 டெசிபல். கூடவே வரும் சின்ன ஒயரை இடையில் மாட்டினால் 1800 ஆர்பிஎம், 14.8 டெசிபல். 45 வாட்டில் அந்த ஒயரோடேயே சமாளிக்கலாம் என்பது என் கணக்கு. கூலரின் அகலம் 114, நீளம் 92 மில்லிமீட்டர்தான், ராம் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்காது. பெயரின் கடைசியைச் சரிபார்த்து வாங்கு. ஏஎம்5 என்று முடிகிற ஒன்றும் இருக்கிறது, அது உன் போர்டில் உட்காராது. விலை கையைக் கடித்தால் தெர்மல்ரைட்டிலேயே எக்ஸ்36 எடு, உயரம் 36. முழுச் செம்பில் செய்த கூலரைப் பார்த்து மயங்காதே. செம்பு அலுமினியத்தைவிட நன்றாகச் சூட்டைக் கடத்தும், உண்மைதான். ஆனால் இவ்வளவு குட்டிக் கூலரில் முட்டுக்கட்டை காற்றோட்டம். காசுக்கும் எடைக்கும் ஏற்ற பலன் கிடைக்காது.

மாட்டுவது பெரிய வித்தையில்லை. பின்னால் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் போர்டு தட்டோடு வெளியே வந்துவிடும். சாக்கெட்டின் இரு பக்கமும் இருக்கும் பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்று. பிராசசர் நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட் வை, விரலால் தடவாதே. இந்தக் கூலருக்கு ஸ்க்ரூ போர்டின் பின்பக்கத்திலிருந்து வரும். ஒரு மூலையை முடுக்கினால் அடுத்து அதற்கு எதிர் மூலை, கொஞ்சம் கொஞ்சமாக.

கடைசியாக ஒரு சில்லறை வேலை, ஆனால் பலன் உண்டு. 37 மில்லிமீட்டர் கூலருக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே 9 மில்லிமீட்டர் இடைவெளி விழும். விசிறி காற்றைக் கீழ்நோக்கித் தள்ளும், அது சாக்கெட்டைச் சுற்றியுள்ள பாகங்களையும் ஆற்றும். ஆனால் தள்ளிய சூடான காற்றில் கொஞ்சம் அந்த இடைவெளி வழியாக மேலேறி மறுபடி விசிறிக்குள்ளேயே நுழையும், போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு மூச்சு விடுவது மாதிரி. கதவிடுக்கில் ஒட்டுகிற ஃபோம் டேப்பை வாங்கி, விசிறிச் சட்டத்தின் நான்கு ஓரத்திலும் தகட்டைத் தொடும் உயரத்துக்கு ஒட்டிவிடு. அப்புறம் தகட்டின் துளை வழியே வெளிக்காற்றை மட்டும்தான் இழுக்கும். அதோடு தூசியும் வரும், ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடு. அப்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள், சுற்றவிடாதே.

எல்லாம் முடிந்ததும் ஒரு மத்தியான வெயிலில் அரைமணி நேரம் பாரமான வேலை கொடுத்துப் பார். 85ஐத் தாண்டவில்லை என்றால் அதோடு விட்டுவிடு, ஐந்து டிகிரி குறைக்கிறேன் என்று இன்னும் பணத்தைக் கொட்டாதே. பில்லைப் பத்திரமாக வை, நோக்டுவாவுக்கு 6 வருட வாரண்டி.

அம்மாவை மாத்திரை ஒழுங்காகப் போடச் சொல். அப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா