பயிற்சியாசிரியர் மாறினார்

இம்மலரின் இறுதிப் பக்கங்களில் வெளிவரும் விளையாட்டுக் குறிப்புகளைத் தவறாது படிக்கும் அன்பர்கள், சென்ற ஆண்டு ஹாக்கிக் குழுவைப் பற்றிய பகுதி இரண்டே வரிகளில் முடிந்துபோனதை நினைவுகூர்வர். அது பத்திராதிபரின் கருமித்தனத்தால் நேர்ந்ததென எண்ணற்க. எழுதுதற்கு வேறொன்றும் இல்லாமையே காரணம். ஆடிய ஐந்து ஆட்டங்களிலும் தோற்றோம். அவற்றுள் ஓர் ஆட்டத்தில் எதிர்க்குழுவின் கோல் காப்போன் வேலையின்றிக் கம்பத்திற் சாய்ந்து நின்று, துறைமுகத்துக் கப்பல்களை எண்ணிக்கொண்டிருந்தான் என்று விடுதித் தோழர்கள் பரப்பினர். எங்கள் மைதானத்திலிருந்து கப்பல் தெரியாது என்பதை மட்டும் இங்கே திருத்திக் கூறுகின்றோம்.

தோற்றவர்க்குக் காரணம் கிடைப்பது அரிதன்று. எங்கள் மைதானம் நகரின் புறத்தே உப்பளங்களுக்கு அண்மையில் இருக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் எழும் புழுதி கண்ணை மறைக்கும். தரையோ ஓரிடத்திற் பாறைபோல் இறுகியும், மற்றோரிடத்தில் தேரிமணல்போல் நெகிழ்ந்தும் கிடக்கும். அதன்மேல் உருளும் பந்து எப்பக்கம் துள்ளுமென்று முன்கூட்டியே உரைக்க வல்லார் ஒருவருமிலர். இவற்றையெல்லாம் பார்த்தவரிடமெல்லாம் சொன்னோம். எங்களை வென்றவரும் அதே புழுதியில், அதே தரையில் அல்லவா ஆடினர் என்று ஒருவன் கேட்டபோதுதான் விடை பிறக்கவில்லை. ஆகவே எஞ்சியிருந்த காரணம் ஒன்றே: பயிற்சியாசிரியர்.

அவர் கோவில்பட்டியினர். தூத்துக்குடிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்வூர், தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்போனது போலவே ஹாக்கிக்கும் பெயர்போனது. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்காக அங்கு நடைபெறும் அகில இந்தியப் போட்டியை நம் பழைய மாணவர் பலர் கண்டிருப்பர். 2022-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் பெற்ற இந்தியக் குழுவிலிருந்த மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் ஆகிய இருவரும் அவ்வூரிற் பயின்று மேலே சென்றவர்களே. அத்தகைய ஊரில் வளர்ந்து, இளமையில் ஓர் ஆலைக் குழுவில் ஆடி, முதுமையில் வாரம் மூன்று நாள் பேருந்தேறி எங்களிடம் வந்தவர் எங்கள் ஆசிரியர். பழைய முறையினர். பந்தை மட்டையில் நிறுத்து. நிறுத்தியபின் தலையை நிமிர்த்திப் பார். பந்தை இழந்தால் இழந்தவனே துரத்து என்னும் இம்மூன்றையும் அன்றாடம் ஓதுவார். தோற்ற நாளிலும் பையிலிருந்து கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து எல்லார்க்கும் பகிர்ந்தளிப்பார். தோற்றவனுக்கு இனிப்பு எதற்கென்று எங்களுக்குள் முணுமுணுத்ததுண்டு. வேண்டாமென்று மறுத்தவர் எவருமிலர்.

ஐந்தாம் ஆட்டமும் முடிந்தபின், பதினான்கு பேர் கையொப்பமிட்டு ஒரு விண்ணப்பம் எழுதினோம். ஆசிரியர் காலத்துக்கேற்ற முறைகளை அறியாதவர் என்பதும், செயற்கைப் புல்தரையிற் பயின்ற இளைஞர் ஒருவரை நியமிக்க வேண்டுமென்பதும் அதன் சாரம். தமிழ் நடை மிக நன்றாயிருந்தது. எங்கள் ஆட்டம் அதில் நூறிலொரு பங்கு இருந்திருந்தால் விண்ணப்பமே வேண்டியிருந்திராது. தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கிய வாரத்தில், ஆசிரியர் தம் பொறுப்பினின்று தாமாகவே விலகிக்கொண்டார் என்று அறிவிப்புப் பலகையிற் கண்டோம். மகிழ்ந்தோம் என்பதை மறைப்பதில் பயனில்லை.

விண்ணப்பத்துக்கு வலுவூட்டும் பொருட்டு அவ்விடுமுறையில் ஒரு காரியம் செய்தோம். ஆசிரியரை மாற்றியதனால் இந்தியக் குழு எவ்வாறு உயர்ந்தது என்பதைத் தொகுத்து, கல்லூரித் தலைவரிடம் கொடுக்கக் கருதினோம். தொகுக்கத் தொகுக்க அக்கதை எங்கள் கட்சியை விட்டு நழுவலாயிற்று.

1928 முதல் 1980 வரை ஒலிம்பிக்கில் 8 தங்கப் பதக்கங்கள் பெற்ற நாடு நம்முடையது. 1976-ஆம் ஆண்டு மான்ட்ரியலில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆட நேர்ந்தபோது ஏழாமிடம் பெற்றது. 1980-இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற குழுவின் தலைவர் நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன். அவரே பயிற்சியாளராயிருந்த 2006-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் இந்தியாவுக்குக் கிடைத்தது பதினோராமிடம். தங்கம் வென்றவர்க்கு ஹாக்கி தெரியாதென்று யார் சொல்ல வல்லார்? 2008-இல் சிலி நாட்டுச் சாந்தியாகோவில் பிரிட்டனிடம் 2-0 என்னும் கணக்கில் தோற்று, 1928-க்குப் பின் முதன்முறையாக ஒலிம்பிக்குக்கே தகுதி பெறாது போயிற்று. பயிற்சியாளர் கார்வாலோ விலகினார். அதன்பின் ஸ்பெயினிலிருந்து பிராசா வந்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து நாப்ஸ் வந்தார். அவர் காலத்தில், 2012-ஆம் ஆண்டு லண்டனில், ஆடிய ஆட்டமெல்லாம் தோற்றுப் பன்னிரண்டாவதாக, அதாவது கடைசியாக நின்றது. (இவ்விடத்தைப் படித்தபோது எங்களுக்கு உண்டான ஒருவகை ஆறுதலை அன்பர்கள் மன்னிப்பாராக.) நாப்ஸ் போக வால்ஷ் வந்தார். 2014-இல் ஆசிய விளையாட்டில் தங்கம் கிடைத்தது. கிடைத்த சில வாரங்களில் அவரும் போனார். அடுத்து வந்த வான் ஆஸ் ஓராண்டும் தங்கவில்லை. ஓல்ட்மன்ஸ் 2017 வரை இருந்தார்.

இதன்பின் நிகழ்ந்ததுதான் எங்களை வாயடைக்கச் செய்தது. 2017-இல் மகளிர் குழுவுக்குப் பயிற்சியளித்துக்கொண்டிருந்த மரைனே என்னும் ஹாலந்து நாட்டவரை ஆடவர் குழுவுக்கு மாற்றினர். 2018-ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டில் ஆடவர் பதக்கமின்றி நான்காமிடத்தோடு திரும்பவே, அவரை மீண்டும் மகளிரிடமே அனுப்பிவிட்டு, மகளிரிடமிருந்த ஹரேந்திர சிங்கை இப்பக்கம் கொணர்ந்தனர். 2016-இல் இளையோர் உலகக் கோப்பையை வென்று தந்த அந்த ஹரேந்திரரும் 2019 ஜனவரியில் நீக்கப்பட்டார். ஆடவர்க்கு ஆகாதவர் என்று திருப்பியனுப்பப்பட்ட மரைனே என்ன ஆனார்? 2016-இல் ரியோவிற் கடைசியாய் நின்ற மகளிர் குழுவை அவர் டோக்கியோவுக்கு அழைத்துச் சென்றார். முதல் மூன்று ஆட்டங்களும் தோல்வி: 1-5, 0-2, 1-4. அக்கணத்தில் எங்களைப் போன்ற பதினால்வர் அங்கிருந்திருப்பின் விண்ணப்பம் எழுதியிருப்பர். அம்மகளிரோ அயர்லாந்தையும் தென்னாப்பிரிக்காவையும் வென்று, காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 1-0 என்று வீழ்த்தி, நான்காமிடம் பெற்றனர். ஓர் ஆசிரியர் ஓரிடத்திற் குறையுடையவராகவும், மற்றோரிடத்தில் அரியவராகவும் காணப்பட்டார். அவர் கற்பித்த ஹாக்கி இரண்டிடத்தும் ஒன்றே.

2019 ஏப்ரலில் ஆடவர் குழுவுக்கு வந்த கிரகாம் ரீடும் டோக்கியோவில் ஆஸ்திரேலியரிடம் 1-7 என்று தோற்றவரே. ஆயினும் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள், நம்மூரில் பனிமய மாதாவின் திருநாளாகிய அன்று, ஜெர்மனிக்கு எதிராக 1-3 என்று பின்தங்கியிருந்த குழு 5-4 என்று வென்றது. கடைசி நொடிகளில் ஸ்ரீஜேஷ் தடுத்த பெனால்டி கார்னரைச் சொல்லாமல் விடலாகாது. 41 ஆண்டுகளுக்குப் பின் ஒலிம்பிக் பதக்கம்! அதே ரீட், 2023 ஜனவரி உலகக் கோப்பையில் நியூசிலாந்திடம் தோற்றபின் விலகினார். பின்வந்த பல்டன் காலத்தில் ஹாங்சோவில் ஆசியத் தங்கமும், 2024-இல் பாரிஸில் மற்றொரு வெண்கலமும் வந்தன. ஆதலால் மாற்றமே கூடாதென்று சாதிக்கவும் இடமில்லை. எவ்வளவு முயன்றும் இக்கதையிலிருந்து ஒரு விதியை எங்களாற் பிழிந்தெடுக்க முடியவில்லை.

அமெரிக்கர் ஆடும் பேஸ்பாலில் ஆட்டமில்லாத குளிர்கால மாதங்களில் பயிற்சியாளரை மாற்றுவதே மற்றோர் ஆட்டமாம். அங்கேயும் கானி மாக் என்பவர் ஒருவர், பிலடெல்பியா நகரக் குழுவை 1901 முதல் 1950 வரை ஐம்பது பருவங்கள் நடத்தினார். 1915 முதல் 1921 வரை தொடர்ந்து ஏழாண்டுகள் அவர் குழு கடைசியிலேயே கிடந்தது. 1914-இல் முதலிடம் பெற்றபின் நல்ல ஆட்டக்காரர் பலர் பிரிந்துபோனமையே காரணம். அவரே 1929-இலும் 1930-இலும் பட்டம் வென்றார். குழுவின் உடைமையில் அவர்க்கும் பங்கிருந்தமையால் அவரை நீக்க ஆளில்லை. எங்கள் ஆசிரியர்க்கு அப்படியொரு பங்கும் இல்லை, பேருந்துக் கட்டணமும் நாள் கூலியுமே உண்டு.

தொகுத்த தாள்களைத் தலைவரிடம் கொடுக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கிடையே எங்களுள் ஒருவன் தன் பாட்டனாரிடம் இச்செய்தியைச் சொல்லியிருக்கிறான். அவர் 1961-ஆம் ஆண்டு நடந்த சலாபத்தில் முத்துக் குளித்தவர். அதற்குப்பின் இக்கரையில் சலாபம் நடைபெறவில்லை. குளிப்பவன் கல்லைக் காலிற் கோத்துக்கொண்டு கடலடிக்கு இறங்க, தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்து நிற்பான். அசைவு கண்டதும் இழுக்க வேண்டியவன் அவன். தங்கை கணவனின் உயிரைக் கைவிட மாட்டானென்று மைத்துனனையே கயிறு பிடிக்க நிறுத்துவர் என நம் கடற்கரையிற் சொல்வதுண்டு. பேரன் சொன்னதைக் கேட்ட கிழவர், "ஏல, கயிறு புடிக்கிறவன மாத்திட்டா முங்குறவனுக்கு மூச்சு கூடிருமா?" என்று மட்டும் கேட்டாராம். கயிற்றைத் தாமதமாய் இழுப்பவனால் உயிரே போகுமன்றோ என்று எங்களுட் சட்டம் பயில எண்ணுபவன் ஒருவன் வாதித்தான். வாதம் சரியே. ஆனால் எங்கள் ஆசிரியர் ஒருநாளும் தாமதமாய் வந்தவரல்லர்.

ஜூன் மாதம் கல்லூரி திறந்தது. புதிய ஆசிரியர் வந்தார். நாங்கள் விரும்பியபடியே இளைஞர். கழுத்தில் ஊதல், கையில் மடிக்கணினி. முதல் நாள் புதிய வியூகங்களைத் திரையிற் காட்டுவாரென்று ஆவலோடு அமர்ந்திருந்தோம். அவரோ எங்களை இருவர் இருவராக நிறுத்திப் பந்தை மட்டையில் நிறுத்தச் சொன்னார். ஒரு வாரம் முழுவதும் அதுவே. இரண்டாம் வாரம், பந்தை இழந்தவன் எவனோ அவனே திரும்பி ஓடவேண்டுமென்று விதித்தார். எங்களுள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மூன்றாம் வாரத்தில் அவர் சாமான் அறையைத் துப்புரவு செய்கையில், பழைய ஆசிரியர் கைப்பட எழுதிய நோட்டொன்று கிடைத்தது. ஒவ்வொரு பயிற்சி நாளும் வந்தவர் பெயருக்கு நேரே ஒரு கோடு, வராதவர்க்கு வெற்றிடம். குறை கூறும் சொல் ஒன்றும் அதிலில்லை. ஆட்டத்தில் இறங்கிய பதினொருவரும் ஒருங்கே பயிற்சிக்கு வந்த நாட்களை எண்ணினோம். ஆண்டு முழுவதிலும் நான்கு. விண்ணப்பத்தில் முதற் கையொப்பமிட்டவனுக்கு நேரே வெற்றிடங்களே மிகுதி. புதிய ஆசிரியர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. எஞ்சிய தாள்களிற் கோடிட்டு, அதே நோட்டிலேயே இவ்வாண்டுக் கணக்கையும் எழுதத் தொடங்கினார். அதன்பின் மைதானத்துக்கு வருவோர் தொகை கூடியது உண்மை. அது புதிய ஆசிரியரின் திறமையா, பழைய நோட்டின் திறமையா என்று இன்றும் விடுதியில் வழக்கு நடக்கிறது.

ஆகஸ்டு மாதத்து ஞாயிறொன்றில் அறுவர் கோவில்பட்டிக்குச் சென்றோம். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்பது ஏற்பாடு. யார் தொடங்குவது என்பதைப் பேருந்திலேயே தீர்மானித்திருந்தோம். ஆசிரியர் வீட்டிலில்லை. அண்மையிலிருந்த மைதானத்தில், மட்டையைவிடச் சிறிதே உயர்ந்த பிள்ளைகளைச் சுற்றி நிறுத்திக்கொண்டு, "நிறுத்தினியா? இப்போ தலையை நிமிர்த்திப் பாரு!" என்று கூவிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் "வாங்க தம்பிகளா" என்றார். விண்ணப்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. எங்கள் இடப்புற ஆட்டக்காரனின் முழங்காலைத் தொட்டுப் பார்த்து, வீக்கம் வடிந்ததா, வைத்தியரிடம் மறுபடியும் காட்டினாயா என்று கேட்டார். அம்முழங்கால் நான்காம் ஆட்டத்தில் அடிபட்டது. எங்களுள் ஒருவரும் அதன்பின் அதைப்பற்றி அவனைக் கேட்டதில்லை.

பேசத் தீர்மானிக்கப்பட்டவன், "ஐயா..." என்று தொடங்கினான். அதற்குள் அவர் பையிலிருந்து கடலைமிட்டாய்ப் பொட்டலம் வெளிவந்துவிட்டது. வாய் நிறைந்திருக்கையில் மன்னிப்புக் கேட்பது எங்ஙனம்? புதிய ஆசிரியர் எப்படி என்று வினவினார். நீங்கள் சொன்னதையே சொல்கிறார் என்றோம். "அப்படின்னா நல்லவர்தான்" என்று சிரித்தார். முதலாட்டம் சனிக்கிழமை வைத்தால், பிள்ளைகளுக்குக் காலையிற் பயிற்சி முடித்துவிட்டுத் தாமும் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

திரும்பிய மறுநாளே புதிய ஆசிரியரிடம் தெரிவித்தோம். அவர் எதிர்க்கல்லூரிக்கு எழுதி, வெள்ளிக்கிழமை நடைபெற இருந்த ஆட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றியிருக்கிறார். கோவில்பட்டிப் பேருந்து வரும் நேரத்தில் எங்களுள் இருவர் நிலையத்திற் காத்திருப்பதென ஏற்பாடு. முழங்கால் நோயாளி தானே போவேனென்று பிடிவாதம் செய்கிறான். ஆட்டத்துக்கு முன் அவ்வளவு நேரம் நிற்கலாகாதென்று புதிய ஆசிரியர் இன்னும் இசையவில்லை.