மாமாவின் கேமரா

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசல் மிதித்த முதல் ஆள் நான். ஃபீஸ் கட்டுவது அரியமங்கலத்தில் போட்டோ எடுக்கும் என் மாமா. சொந்தக் கடை கிடையாது; கூப்பிட்ட இடத்துக்குப் போவார். பொங்கல் லீவில் நாம் தூங்கும்போது, அவர் பெரிய சூரியூர் ஜல்லிக்கட்டில் தடுப்பைப் பிடித்து நிற்பார். ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் காளையும் வீரனும் படத்தில் விழணும். ஆனால் அடுப்பு எரிவது காதுகுத்து, கல்யாணப் படங்களால்தான்.

போன வருஷம் அவராக எடுத்த கபடிப் படத்தை ஒருவர் விளம்பர பேனரில் போட்டுவிட்டார். பேரும் இல்லை, காசும் இல்லை. லைப்ரரியில் 1957 பதிப்புரிமைச் சட்டத்தைப் புரட்டினேன். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் சொன்னவருக்கு; தானாக எடுத்தது எடுத்தவருக்கு. உடனே லெட்டர் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

"விடுடா, நம்ம வீட்லயும் எழுத ஒரு ஆள் வந்தாச்சு" என்றார் மாமா. விடுவதாக இல்லை, அடுத்த லெட்டர் தயார்!