வோர்ம்ஸ் ஊரும் ஒரு பழைய கேள்வியும்

மகள் வீட்டுக்கு ஜெர்மனி வந்து இரண்டு மாதம் ஆகிறது. இங்கத்துக் குளிரைப் பற்றியும் பேரனின் சேட்டை பற்றியும் ஏற்கெனவே எழுதிவிட்டேன். இன்று ஒரு பழைய கடனைத் தீர்க்க எழுதுகிறேன்.

ஏழாம் வகுப்பில் ஒருநாள் பாடத்தில் இல்லாத ஹிட்லர் பேச்சு வந்தது. கடைசி பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "டீச்சர், யூதங்க ஜெர்மனிக்கு எப்ப வந்தாங்க?" என்று கேட்டாள். "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு" என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது. அவள் உட்கார்ந்த விதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

போன வாரம் மருமகன் எங்களை ரைன் நதிக்கரையில் உள்ள வோர்ம்ஸ் ஊருக்கு அழைத்துப் போனார். 1521-ல் மார்ட்டின் லூதரை விசாரித்த ஊர். அது மட்டும்தான் எனக்குத் தெரியும். அந்த லூதரே 1543-ல், யூதர்களின் ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லிப் புத்தகம் எழுதினார் என்பதை இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

அங்கே யூதர் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. அதில் உள்ள ஜெப ஆலயத்தை முதலில் கட்டியது 1034-ல். நம் தஞ்சைப் பெரிய கோயில் எழும்பி இருபத்து சொச்சம் வருடம்தான் ஆகியிருந்தது! வேத விளக்கத்தில் பேர்போன ராஷி இளவயதில் இந்த ஊரில்தான் படித்தார். 1096-ல் சிலுவைப் போருக்குக் கிளம்பிய கூட்டம் வழியில் இங்கே புகுந்து, சுமார் 800 பேர் மாண்டார்கள். 1349-ல் கொள்ளைநோய்ப் பழியைச் சுமத்தி மறுபடியும் அழித்தார்கள். 1615-ல் துரத்தினார்கள். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து, அதே தெருவில் குடியேறியிருக்கிறார்கள்.

நான் வெகுநேரம் நின்றது இடுகாட்டில். ஆயிரம் வருடப் பழைய கற்கள் சாய்ந்தும் மண்ணில் பாதி புதைந்தும் நிற்கின்றன. பின்னால் தேவாலயத்தின் கோபுரங்கள் தெரிகின்றன. இரண்டு கற்கள் மட்டும் ஒட்டினாற்போல் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று ரபி மெய்ர் என்ற பெரிய ஆசிரியருடையது. அரசர் அவரை 1286-ல் சிறைபிடித்தார். பணம் கட்டி மீட்கச் சமூகம் தயாராக இருந்தும், 'இப்படிக் கொடுத்தால் நாளைக்கு இன்னொருவரைப் பிடிப்பார்கள்' என்று அவரே மறுத்துவிட்டார் என்பார்கள். 1293-ல் சிறையிலேயே இறந்தார். உடலையும் தரவில்லை, பதினான்கு வருடம்! 1307-ல் அலெக்சாண்டர் என்ற வணிகர் பணம் கொடுத்து உடலை மீட்டார். தன்னையும் அவர் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்பதுதான் அவர் விரும்பியது. அப்படியே செய்திருக்கிறார்கள். ஒரு வாத்தியாருக்காக இப்படியும் ஒருவர்! இரண்டு கல்லின் மேலும் பார்க்க வருகிறவர்கள் கூழாங்கல் வைக்கிறார்கள். பூ வைப்பது அவர்கள் வழக்கமில்லை.

1933-ல் ஏறக்குறைய ஆயிரத்து நூறு யூதர்கள் இருந்த ஊர் அது. 1938 நவம்பரில் ஆலயத்தை எரித்தார்கள். 1942-ல் மிச்சமிருந்தவர்களை ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். ஆலயத்தில் 1272-ல் எழுதிய பெரிய பிரார்த்தனைப் புத்தகம் ஒன்று இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்கு வருகிறவருக்கு நல்ல நாள் அமையட்டும் என்று, எழுத்துகளின் வயிற்றுக்குள் குட்டியாக ஒரு வாழ்த்து எழுதியிருக்கிறார்கள். இத்திஷ் மொழியில் கிடைத்த மிகப் பழைய வாக்கியம் அதுதானாம். அந்தப் புத்தகத்தை இல்லர்ட் என்ற நகர ஆவணக் காப்பாளர் தேவாலயத்தில் ஒளித்துக் காப்பாற்றினார். இப்போது ஜெருசலேமில் இருக்கிறது. ஆட்களை இப்படி யாரும் ஒளித்து வைக்கவில்லையா என்று மருமகனிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

இடிந்த கற்களையும் சேர்த்து ஆலயத்தைத் திரும்பக் கட்டி 1961-ல் திறந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தோம்.

அந்தப் பிள்ளைக்குப் பதில் இதுதான்: கொலோன் நகர யூதர்களைப் பற்றி ரோமப் பேரரசரின் ஆணை 321-லேயே இருக்கிறது. ஜெர்மனி என்று ஒரு நாடு உருவாவதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் அங்கே இருந்தார்கள், அம்மா. இதை நீ படித்தால் கீழே ஒரு வார்த்தை எழுது. வேறு கேள்வி இருந்தாலும் கேள், உட்காரச் சொல்லமாட்டேன்.